வீட்டிலேயே கைத்தறி பழகலாமா? தாராளமா. ஆனா மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க

1/
போன ஞாயிற்றுக்கிழமை நானே நெய்த ஒரு சின்ன விரிப்பின் படத்தை இங்கே போட்டிருந்தேன். டீ டம்ளர் வைக்கிற அளவுதான். ஓரம் கோணல், நடுவுல ஒரு இழை விட்டுப்போச்சு. ஆனா அதுக்கு வந்த கேள்விகள் ஏராளம். "எங்க கத்துக்கிட்டீங்க மேடம்?", "என்ன தறி வாங்கலாம்?", "மன அழுத்தம் குறையுமா?", "அம்மாவுக்கு மறதி வருது, இதைப் பழக்கினா நிக்குமா?"

ஒவ்வொருத்தருக்கா பதில் எழுத டியூட்டிக்கு நடுவே முடியல. அதனால இந்த நீளமான த்ரெட். நெசவைப் பத்தி எழுத இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. த்ரெட்னாலே நூல்தானே!

2/
முதல்ல என் கருத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். வீட்டில் நெசவு பழகுங்க. நல்ல பொழுதுபோக்கு, காசே செலவில்லாம தொடங்கலாம். கூடவே மூணு விஷயம்.

ஒன்று, இது எந்த நோய்க்கும் மருந்து கிடையாது.
இரண்டு, அளவு மீறினா இதுவே வலி கொடுக்கும்.
மூன்று, நாலு விரல் நீளம் நெய்து பார்த்த பிறகு கைத்தறிக் கடையில் பேரம் பேச உங்களுக்கு மனசு வரக்கூடாது.

மூன்றாவது விஷயத்தை ஒரு டாக்டர் ஏன் சொல்றேன்னு கடைசியில் புரியும்.

3/
நான் எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். எலும்பு ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, நெசவுக் குடும்பமும் கிடையாது. வேலை கிடைச்சது ஈரோடு மாவட்டத்தில். சென்னிமலை போர்வை, பவானி ஜமக்காளம்னு ஊர்ப் பேரோட சேர்த்தே துணியைச் சொல்ற பகுதி. ஓ.பி.யில் உட்கார்ந்தா பத்துப் பேரில் ரெண்டு பேராவது தறியில் வேலை பார்த்தவங்களா இருப்பாங்க.

அதில் ஒரு அம்மா. வயசு அறுபதை நெருங்குது. பெட்ஷீட் நெய்யறாங்க, நாற்பது வருஷமா. சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் வருவாங்க. (அவங்க அனுமதியோடுதான் எழுதறேன். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/
ஒரு நாள் அவங்க கூப்பிட்டாங்கன்னு வீட்டுக்குப் போனேன். திண்ணையை ஒட்டி ஒரு அறை, அதில் குழித்தறி. குழிக்குள்ள காலை விட்டு உட்காரணும். "உக்காந்து பாருங்க டாக்டரம்மா"ன்னாங்க. உட்கார்ந்தேன்.

கால் மிதியை அழுத்தணும், வலது கை கயிற்றை இழுக்கணும், ஓடம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடணும், இடது கை பலகையை இழுத்து அடிக்கணும். எல்லாம் ஒரே தாளத்தில். எனக்கு ஓடம் பாதி வழியில் நின்னுபோச்சு. ரெண்டாவது தடவை வெளியே பறந்து விழுந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

ஆனா எனக்கு ஆசை ஒட்டிக்கிச்சு.

5/
ஆசை வந்தா நாம என்ன செய்வோம்? ஆன்லைன்ல ஆர்டர் போடுவோம். நானும் போட்டேன். மரத்தில் அழகான சின்னத் தறி, கலர் கலரா நூல். பெட்டியைப் பிரிச்சா, பாவு எப்படிக் கட்டணும்னு ஒரு வரி கூட இல்ல. ஒரு மாலை முழுக்கப் போராடினேன். நூல் சிக்குப் பிடிச்சு, கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரிக்க முடிஞ்சது. அந்தத் தறி இன்னைக்கும் பரண்மேல தூங்குது.

அதனால முதல் அறிவுரை: தறி வாங்காதீங்க. இப்போதைக்கு வேண்டாம். அடுத்த மாசம் அந்த அம்மா வந்தப்போ இதைச் சொன்னேன். "அட்டையில பழகுங்க கண்ணு. எம் பேத்திக்கு ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க"ன்னாங்க. அதைச் செஞ்சேன், வந்தது. உங்களுக்கும் அதையே சொல்றேன்.

6/
நெசவுன்னா என்னன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. அதுக்குக் குறுக்கே போகிற நூல் ஊடை. ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே, அடுத்ததுக்குக் கீழே, மறுபடி மேலே. அடுத்த வரியில் அப்படியே தலைகீழா. அவ்வளவுதான். கைக்குட்டையும் சரி, காஞ்சிபுரம் பட்டும் சரி, அடிப்படை இதுதான்.

பெரிய தறியில் மிதியை அழுத்தினா விழுதுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகளைத் தூக்கும். நடுவுல ஒரு வாய் திறக்கும். அதுக்குள்ள ஓடம் ஓடும். அட்டைத் தறியில் அந்த மிதி வேலை, விழுது வேலை எல்லாத்தையும் உங்க ஊசியே செய்யும். மெதுவாத்தான் போகும். ஆனா துணி எப்படி உருவாகுதுன்னு கண்ணால பார்த்துடலாம்.

7/
தேவையான பொருள்:
• கூரியர் பெட்டி அட்டை, கெட்டியானது. ஒரு நோட்டுப் புத்தகம் அளவு போதும்
• ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல்
• பாவுக்கு: முறுக்கேறிய பருத்தி நூல். இழுத்தா நீளக்கூடாது, அறுபடக்கூடாது. பார்சல் கட்டுற காட்டன் ட்வைன் போதும்
• ஊடைக்கு: தடிமனான எந்த நூலும். உல்லன் நூல், இல்லைன்னா பழைய வேட்டி, காட்டன் புடவையை ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்ச நாடா
• ஒரு கோணூசி, முனை மழுங்கலா இருந்தா நல்லது
• சாப்பிடுற ஃபோர்க் ஒன்று. ஊடையைத் தட்டி நெருக்க

பாதி வீட்டிலேயே இருக்கும். மீதி தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

8/
பாவு கட்டுறது:
அட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்க. முதல் தடவைக்கு 24 வெட்டு போதும், சுமார் 12 சென்டிமீட்டர் அகலம் வரும். மேல், கீழ் வெட்டுகள் நேருக்கு நேர் இருக்கணும்.

நூலின் நுனியில் முடிச்சுப் போட்டு மேல் விளிம்பின் முதல் வெட்டில் மாட்டுங்க. நேரா கீழே கொண்டுவந்து முதல் வெட்டில் விடுங்க. அட்டைப் பல்லின் பின்பக்கமா சுத்தி இரண்டாவது வெட்டு வழியா முன்னாடி எடுத்து, மேலே போங்க. இப்படியே பாம்பு மாதிரி கடைசி வரைக்கும். நூல் முழுக்க அட்டையின் முன்பக்கம்தான் ஓடும்.

இறுக்கம் முக்கியம். விரலால் தட்டினா லேசா துள்ளணும். அட்டையே வளைஞ்சா ரொம்ப இறுக்கம். தொங்கினா ரொம்பத் தளர்ச்சி.

9/
நெய்யறது:
ஊசியில் ஊடை நூலைக் கோர்த்துக்கோங்க. ஒரு கை நீளம் போதும், பேராசைப்பட்டா சிக்கும். கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பிங்க. மேலே, கீழே, மேலே, கீழே. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஃபோர்க்கால தட்டி நெருக்குங்க. திரும்பி வரும்போது முன்பு மேலே போன இழைக்கு இப்போ கீழே.

நூல் தீர்ந்தா முடிச்சுப் போடாதீங்க. புது நூலைப் பழசோட ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஒண்ணா ஓட்டுங்க, அதுவே பிடிச்சுக்கும். முடிச்சுப் போட்டா துணியில் கொப்புளம் மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும்.

10/
எல்லாரும் செய்யற ஒரு தப்பு இருக்கு. நானும் செஞ்சேன். ஊடையை நேரா இழுத்து இழுத்து விடுவோம். ரெண்டு ஓரமும் உள்ளே வாங்கிடும். பத்து வரி போனதும் துணி நடுவுல இடுப்பு வச்சு, பார்க்க உடுக்கை மாதிரி ஆயிடும். என் முதல் விரிப்பு அசல் உடுக்கை. வீட்டில் என் பொண்ணு அதைத் தட்டிப் பார்த்தா!

வழி ரொம்பச் சுலபம். ஊடையை நேரா இழுக்காம வில் மாதிரி வளைச்சு விடுங்க. அப்புறம் தட்டுங்க. அந்த வளைவில் இருக்கிற கூடுதல் நூல் மேலும் கீழும் ஏறி இறங்கச் சரியா இருக்கும். ஓரம் நேரா நிற்கும்.

11/
முடிக்கிறது:
மேல் விளிம்பு வரைக்கும் நெய்யுங்க. கடைசி நாலு வரி இறுக்கமா இருக்கும், பொறுமையா ஊசியை விடுங்க. அப்புறம் அட்டையை லேசா வளைச்சா பாவு வளையங்கள் பற்களிலிருந்து கழன்று வரும். வரிகளைக் கையால் ரெண்டு பக்கமும் நீவிச் சமமாக்குங்க. தொங்கும் நுனிகளை ஊசியால் பின்பக்கம் ஓட்டி விடுங்க. ஆச்சு, உங்க முதல் துணி.

அஞ்சு அட்டைத் துணி நெய்த பிறகும் ஆசை குறையலைன்னா, பழைய போட்டோ ஃப்ரேமில் மேலும் கீழும் சின்ன ஆணி அடிச்சு அடுத்த தறியைச் செய்யலாம். மூணு மாசம் தாண்டியும் கை துறுதுறுன்னா அப்போ ஒரு மேசைத் தறி வாங்குங்க. என்னை மாதிரி பரணுக்கு வாடகை இல்லாம ஆள் குடி வைக்காதீங்க.

12/
இன்னொரு யோசனை. உங்க ஊருக்குப் பக்கத்தில் நெசவாளர் யாராவது இருந்தா அவங்ககிட்ட போய்க் கத்துக்கோங்க. ஆரணி, பரமக்குடி, அருப்புக்கோட்டை, திருபுவனம், சின்னாளப்பட்டி, நெகமம், இளம்பிள்ளைன்னு தமிழ்நாட்டில் தறி உள்ள ஊருக்குப் பஞ்சமில்ல. ஆனா ஒண்ணு. அவங்க நேரத்துக்குக் காசு கொடுங்க. தறி நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவங்களுக்குக் கூலி நஷ்டம். "சும்மா பார்க்க வந்தோம்"னு போய் அரை நாள் போட்டோ எடுத்துட்டு வராதீங்க.

13/
சரி, இப்போ டாக்டர் பகுதி. "மன அழுத்தம் குறையுமா?"

எனக்குக் குறையுது. நைட் டியூட்டி முடிச்சு வந்த அன்னைக்கு மத்தியானம் இருபது வரி நெய்தா மனசு அடங்குது. ஒரே மாதிரி அசைவு, கண் முன்னாடி வளர்ற துணி, கையில் போன் இல்லாத அரை மணி நேரம். அதில் சந்தேகமே இல்ல. உங்களுக்கு அது தோட்ட வேலையா இருக்கலாம், கோலமா இருக்கலாம், பாட்டா இருக்கலாம். பிடிச்சதைச் செய்யுங்க.

ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, எதிலும் பிடிப்பில்ல, அழுகை வருது, சாகலாம்னு தோணுதுன்னா அதுக்குப் பதில் நூலில் இல்ல. டாக்டரைப் பாருங்க. 14416 டெலி மானஸ் எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுறவங்க "இப்போ நெசவு பண்றேனே"ன்னு நீங்களா நிறுத்தாதீங்க. பிபி, சுகர் மாத்திரைக்கும் இதேதான்.

14/
"அம்மாவுக்கு மறதி, நெசவு பழக்கினா நிக்குமா?"

நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மறதி வந்தா முதல்ல காரணம் தேடணும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இப்படிச் சரிசெய்யக் கூடிய காரணங்களும் இருக்கு. அதைப் பார்க்காம அவங்க கையில் ஊசியைக் கொடுக்காதீங்க. பரிசோதனை முடிஞ்சு, அவங்களுக்கும் பிடிச்சிருந்தா, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து நெய்யுங்க. நீங்க பக்கத்தில் உட்கார்ற அந்த நேரத்துக்காகவே நான் சரின்னு சொல்வேன்.

15/
"ஆனா நெசவை சிகிச்சையாவே பயன்படுத்தியிருக்காங்களே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். உண்மைதான். முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்த வீரர்களுக்குக் கை, தோள் அசைவு திரும்ப வரவும், மனசு தேறவும் நெசவும் கூடை பின்னுதலும் கொடுத்தாங்க. ஆக்குபேஷனல் தெரபி என்கிற துறை வளர்ந்த காலம் அது.

ஆனா அங்கே எந்த மூட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு எடைன்னு பயிற்சி பெற்றவங்க அளந்து கொடுத்தாங்க. மாத்திரைக்கு டோஸ் இருக்கிற மாதிரி அதுக்கும் டோஸ் இருந்தது. நம்ம வீட்டு நெசவில் டோஸ் பார்க்க ஆளில்ல. அங்கேதான் நான் மாட்டினேன்.

16/
பொங்கல் லீவு. நாலு நாள். ஃப்ரேம் தறியில் ஒரு மேசை விரிப்பை முடிச்சே ஆகணும்னு ஒரு வெறி. ஒரே இருப்பில் மூணு மணி நேரம், நாலு மணி நேரம். மூணாம் நாள் வலது கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி. அஞ்சாம் நாள் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியல. ஓ.பி.யில் பேனா பிடிக்க முடியல.

பேரு டி குவெர்வெயின். கட்டை விரலை அசைக்கிற தசைநாண்களின் உறை வீங்கி, அசைக்கும்போதெல்லாம் உரசி வலிக்கும். குழந்தையை அடிக்கடி தூக்குற அம்மாக்களுக்கும், ஓயாம போன் தட்டுறவங்களுக்கும் வரும். வீட்டிலேயே பார்க்கலாம்: கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடிச்சு, மத்த விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமா மெதுவா சாய்ங்க. கட்டை விரல் அடியில் சுரீர்னு வலிச்சா சந்தேகப்படலாம். உறுதி செய்ய டாக்டர் பார்க்கணும்.

மூணு வாரம் தறியைத் தொடல. ஸ்ப்லின்ட் போட்டேன். சரியாச்சு.

17/
அந்த அனுபவத்தில் நான் வச்சுக்கிட்ட விதிகள்:

• ஒரு தடவைக்கு 30 நிமிஷம். அலாரம் வச்சுடுங்க, "இன்னும் ஒரு வரி"ங்கிற ஆசை உங்களை ஏமாத்தும்
• தறி மடியில் வேண்டாம், முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கழுத்து குனியக்கூடாது
• தோளைத் தூக்கி வச்சுக்காதீங்க. ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்காதீங்க
• வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியா தூரத்தில் பாருங்க
• நாற்பது தாண்டினவங்க நூல் தெரியலைன்னா தறியைக் குறை சொல்லாம கண்ணைப் பரிசோதிங்க. வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும் வயசு
• விரல் மரத்துப்போறது, ராத்திரி கை எரிச்சல், விரல் மடக்கினா மாட்டிக்கிறது: நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க
• இது உடற்பயிற்சி கிடையாது. சுகர், பிபி உள்ளவங்க நடைப்பயிற்சிக்குப் பதிலா இதைக் கணக்கில் சேர்க்காதீங்க
• கைக்குழந்தை உள்ள வீட்டில் நீள நூல், ஊசி, கத்தரி மூணும் எட்டாத உயரத்தில்

18/
பருத்தித் தூசு நுரையீரலைக் கெடுக்குமான்னும் ஒரு கேள்வி. பிசினோசிஸ்னு ஒரு நோய் உண்டு. பஞ்சு அடிக்கிற, நூற்கிற மில்களில் வருஷக்கணக்கில் தூசைச் சுவாசிச்சவங்களுக்கு வரும். வார லீவு முடிஞ்சு திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கும், அதனால திங்கட்கிழமைக் காய்ச்சல்னும் ஒரு பேரு. கடையில் வாங்கின நூலை வீட்டில் அரை மணி நேரம் நெய்றவங்க அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவங்க பழைய துணி கிழிக்கும்போது மட்டும் மாஸ்க் போட்டுக்கோங்க.

19/
இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

என் கை சரியான ரெண்டாவது வாரம் அந்த அம்மா ஓ.பி.க்கு வந்தாங்க. சுகர் சீட்டை நீட்டும்போதே வலது கையை இடது கையால் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. பரிசோதிச்சேன். அதே இடம், அதே வலி, அதே டி குவெர்வெயின். எனக்கு நாலு நாளில் வந்தது, அவங்களுக்கு நாற்பது வருஷத்தில்.

எனக்கு ஒரு உற்சாகம் வேற. "அம்மா, எனக்கும் இதேதான் வந்துச்சு! மூணு வாரம் தறியைத் தொடாம இருந்தேன், போயிடுச்சு. நீங்களும் மூணு வாரம் ரெஸ்ட் எடுங்க"ன்னேன்.

20/
அவங்க கோபப்படல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. "நீங்க நிறுத்துனா துணி நிக்கும் கண்ணு. நானு நிறுத்துனா உலை நின்னுபோயிருமுங்க."

அப்புறம் மாத்திரையை வாங்கிக்கிட்டு, "ஊசி ஏதாச்சும் இருந்தா போட்டு உடுங்க. வாரக் கடைசிக்குள்ள பாவு முடிக்கோணும்"னாங்க.

பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. நான் சீட்டில் "ரெஸ்ட்"னு எழுதி, அடிச்சுட்டு, மறுபடி யோசிச்சேன். எத்தனை வருஷமா எத்தனை நெசவாளர்களுக்கு இந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கேன்? அவங்க யாரும் எதிர்த்துப் பேசினதில்ல. தலையாட்டிட்டுப் போய்த் தறியில் உட்கார்ந்திருப்பாங்க, அவ்வளவுதான்.

21/
மருத்துவப் புத்தகத்தில் "வீவர்ஸ் பாட்டம்"னு ஒரு பேரு இருக்கு. உட்காரும் எலும்பின் மேல இருக்கிற நீர்ப்பை அழுந்தி வீங்குறது. இஸ்கியல் பர்சைட்டிஸ். கெட்டியான பலகையில் நாள் முழுக்க உட்கார்ந்தவங்களுக்கு வர்றதால அந்தப் பேரு. காலேஜில் படிக்கும்போது பேரைக் கேட்டு எல்லாரும் சிரிச்சோம். ஒரு தொழிலின் பேரையே நோய்க்கு வைக்கிற அளவுக்கு எத்தனை பேர் வலியோட உட்கார்ந்திருக்கணும்னு அன்னைக்கு யாருக்கும் தோணல. எனக்கும்தான்.

22/
இப்போ ஓ.பி.யில் நான் மாத்திக்கிட்டது சின்ன விஷயங்கள்தான். முதல்ல "என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"னு கேட்கிறேன். முழு ரெஸ்ட் முடியாதவங்களுக்கு முடியற வழி தேடுறோம். ராத்திரி மட்டும் ஸ்ப்லின்ட். உட்காரும் பலகையில் மடிச்ச போர்வை. ஒரு மணிக்கு ஒரு தடவை குழியை விட்டு எழுந்து பத்து அடி நடை. வலி அதிகமான நாளில் வீட்டில் இன்னொருத்தர் நெய்ய, இவங்க தார் சுத்துறது. கண்ணுக்குப் பரிசோதனை, தறிக்கு மேல நல்ல வெளிச்சம். தேவைப்பட்டா எலும்பு மருத்துவரிடம் அனுப்பி ஊசி.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் செஞ்சோம். வலி பாதி குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல. தறி நிக்கவும் இல்ல.

23/
இதனாலதான் பேரம் பத்திப் பேசறேன். ஒரு சின்னக் கணக்கு. நம்ம அட்டைத் துணியில் பாவு 24 இழை. ஒரு சாதாரண காட்டன் புடவைக்கு அகலம் 48 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 60 இழைன்னு வச்சுக்கோங்க. பாவில் மட்டும் 2,880 இழை. நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடைன்னா ஏறக்குறைய 13,000 தடவை ஓடம் குறுக்கே போகணும். 13,000 தடவை வலது கை இழுக்கணும். 13,000 தடவை இடது கை அடிக்கணும். கால் மிதிக்கிறது தனி.

ஓடம் ஓடுறதுக்கு முன்னாடி பாவுக்குக் கஞ்சி போடணும், பாவு பிணைக்கணும், தார் சுத்தணும். இதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்கள் வேலை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர், அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள்.

நீங்க 24 இழையில் உள்ளங்கை அளவு நெய்ய ஒரு மாலை ஆகும். அதை முடிச்சிட்டுப் போய்ப் புடவையின் விலைச் சீட்டைப் பாருங்க. "இருநூறு ரூபாய் குறைச்சுக்கோங்க"ன்னு நாக்கு எழாது. எனக்கு எழல.

24/
"நாங்க அதிக விலை கொடுத்தாலும் அது நெசவாளருக்குப் போகுதா? நடுவுல இருக்கிறவங்களுக்குத்தானே?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம பேரம் ஒண்ணை மட்டும் விட்டுட்டா எல்லார் கூலியும் ஏறிடும்னு நான் சொல்லல. ஆனா விலை குறையும்போது முதல்ல வெட்டு விழுறது எங்கேன்னு நாம எல்லாருக்கும் தெரியும்.

செய்யக் கூடியது: நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை, 1935ல் தொடங்கின கோ-ஆப்டெக்ஸ், இல்ல நேரா தறி வீட்டிலேயே வாங்குறது. கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. கைத்தறிக்குன்னு 1985 சட்டத்தில் 11 வகைத் துணி ஒதுக்கியிருக்காங்க. அந்த வகையை விசைத்தறியில் நெய்யறதே தப்பு. ஆனாலும் விசைத்தறித் துணியைக் கைத்தறின்னு சொல்லி விற்கிறவங்க இருக்காங்க. நீங்களே நெய்து பழகினா துணியைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கிற தைரியம் வரும். அது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய லாபம்.

25/
ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905ல் சுதேசி இயக்கம் தொடங்கின நாளின் நினைவா 2015லிருந்து கொண்டாடுறோம். அன்னைக்கு எல்லாரும் கைத்தறிப் புடவை கட்டி செல்ஃபி போடுவோம். நானும் போட்டிருக்கேன். இந்த வருஷம் அதோட சேர்த்து ஒரு அட்டை, ஒரு கண்டு நூல், ஒரு ஃபோர்க் எடுத்து உட்காருங்க. குழந்தைங்களையும் உட்கார வைங்க. அரை மணி நேரம். கை வலிச்சா நிறுத்துங்க.

நிறுத்தும்போது ஒரே ஒரு நிமிஷம், நிறுத்த முடியாதவங்களை நினைச்சுக்கோங்க. நமக்கு இது பொழுதுபோக்கு, ஏன்னா வலிச்சா எழுந்து போக முடியுது.

26/
கடைசியா, அந்த அம்மாகிட்ட என் ஃப்ரேம் தறி விரிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஓரத்தைத் தடவினாங்க. "ஓரம் புடிச்சுருச்சு கண்ணு, இனி அடி சீரா விழோணும்"னாங்க. அவங்ககிட்ட ரெண்டு போர்வை வாங்கினேன், சொன்ன விலைக்கே. "டாக்டரம்மாவுக்குக் குறைச்சுத் தாறேன்"னு அவங்களேதான் சொன்னாங்க. நான் ஒத்துக்கல.

அட்டைத் தறியில் முதல் துணி முடிச்சவங்க கீழே படம் போடுங்க. உடுக்கையா இருந்தாலும் பரவாயில்ல, கட்டாயம் போடுங்க. கை வலி, விரல் மரத்துப்போறது இருக்கிறவங்க படம் போட வேண்டாம், பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. இங்கே எழுதினது பொதுவான தகவல், நேரில் பார்த்துச் சொல்ற மருத்துவத்துக்கு மாற்று ஆகாது.

நாளைக்கு நைட் டியூட்டி, பதில் சொல்லத் தாமதமாகும். பொறுத்துக்கோங்க.